லேபிளில் நிற்கும் விரல்

சென்னை ரிச்சி தெருவில் புது கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருபவரிடம் நல்ல மெக்கானிக் விலையைச் சொல்லத் தொடங்குவதில்லை. "உள்ளே என்ன எஸ்.எம்.பி.எஸ். சார்?" என்று, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்.

மின்வயரைப் பிடுங்கிவிட்டு கேபினட்டின் பக்கத் தகட்டை அவர் கழற்றுவதே பார்க்க அழகு. திருகுகள் கிண்ணத்தில் கிணுகிணுவென்று விழுகின்றன. பிரஷ் தூசியை ஒதுக்க, விரல் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளுக்குப் போகிறது. பெரிய எழுத்தில் மின்னும் 450 வாட்டில் அது நிற்பதில்லை. 12 வோல்ட் கட்டத்தில் நிற்கிறது. அங்கே 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் அதிலிருந்துதான் சோறு. பிறகு உதடசையாமல் ஒரு மனக்கணக்கு: ஐ5-12400 உச்சத்தில் 117, ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170, போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கு ஓர் ஐம்பது. மொத்தம் 337 வாட். கூட்டல் யாருக்கும் வரும். அந்தக் கார்டுக்கு என்விடியா ஏன் 550 வாட் கேட்கிறது என்று தெரிந்திருப்பதுதான் தேர்ச்சி. விளையாட்டின் நடுவே கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவை மீறி இழுக்கும். இடம் விட்டுவைக்காத கணினி அப்போது சட்டென்று அணையும்.

கடைசியாக அவர் கார்டுக்கான 8 பின் கேபிளைத் தேடுகிறார். அது இல்லையென்றால், மோலெக்ஸ் அடாப்டர் மாட்டி ஒப்பேற்ற மறுத்துவிடுகிறார். விற்பனை தள்ளிப்போனாலும் கவலைப்படாத அந்தப் பொறுமை பாராட்டுக்குரியது.

கார்டு வாங்கக் கிளம்பும் முன் அந்த லேபிளை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.