சூட்டைச் சுமக்கும் தண்ணீர்

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டுகிற யாருக்கும் ரேடியேட்டரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எஞ்சின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். முன்னால் காற்றுப்பட்டு ஆறி, மறுபடி உள்ளே போகும். உயர்ரக கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் அமைப்பதும் இதே வேலைதான்.

ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஏறக்குறைய அத்தனையும் சூடாகிவிடும். அதை வாங்குவது சிப்பின் மேல் உட்காரும் செம்பு பிளாக். அதன் உட்புறத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிசை வரிசையாகப் பள்ளங்கள், ஒன்றுகூடப் பிசகியிருக்காது. தண்ணீர் தொடும் பரப்பைப் பெருக்கத்தான் இவ்வளவு நுணுக்கம். உலோக வேலையின் அழகு அங்கே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குவோர் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. உப்பு படிந்து அந்தப் பள்ளங்கள் அடைத்துவிடும். வாலை வடிநீரும், துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் போதும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். முதலில் கார்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டுங்கள். இணைப்புகளின் கீழே விரித்த டிஷ்யூ காகிதம் சிறு கசிவையும் காட்டிக்கொடுக்கும்.

சேலத்துச் சித்திரையில் அறையே 38 டிகிரி என்றால், தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அதனால் மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகள் பொருந்தும் ரேடியேட்டராவது வாங்குங்கள்.  அப்போது கார்டு முழு வேகத்தில் ஓடும்.