உய்ப்போனும் காண்போனும்: டெல்லி கணேஷின் நடிப்பில் இரு திருமண விருந்துகள்

நடிகர் ஒருவர் மறைந்தால் அவர் நடித்த படங்களை எண்ணிக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2024 நவம்பர் 9 ஆம் நாள் சென்னையில் டெல்லி கணேஷ் காலமானபோதும் 'நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர்' என்னும் தொடரே எங்கும் ஒலித்தது. அதனோடு 'குணச்சித்திர நடிகர்' என்னும் பட்டமும் சேர்ந்துகொண்டது. எண் பொய்யன்று, பட்டமும் தவறன்று. ஆயினும், இவ்விரண்டும் அவர்தம் நடிப்பின் இயல்பைச் சிறிதும் புலப்படுத்தா. தலைவனல்லாத மாந்தரை ஏற்பார் எவரையும் அப்பெயரால் அழைத்துவிட்டு அமைவது திறனாய்வாகாது. குணம் யாது, சித்திரம் எவ்வாறு எழுந்தது என்பன அன்றோ ஆராயத்தக்கன? மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்த இலக்கண மரபுடைய நாம், நடிப்பைப் பற்றி எழுதுங்கால் அம்மரபை மறந்துவிடுவது வியப்பே.

வாழ்க்கைச் செய்திகளைச் சுருங்கக் கூறலாம். கணேசன் என்னும் இயற்பெயருடைய அவர் 1944 ஆகஸ்டு 1 இல், அக்காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்து வல்லநாட்டிற் பிறந்தார். 1964 முதல் 1974 வரை இந்திய வான்படையிற் பணியாற்றினார். டில்லியில் தட்சிண பாரத நாடக சபையைச் சார்ந்து மேடையேறினார். 1977 இல் 'பட்டினப் பிரவேசம்' வாயிலாக அவரைத் திரைக்குக் கொணர்ந்தவர் இயக்குநர் கே. பாலசந்தர், ஊர்ப்பெயரை முன்னடையாக்கித் திரைப்பெயர் சூட்டியவரும் அவரே. பின்னர்க் கலைமாமணி விருதும் பெற்றார்.

இவற்றுள் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. நெல்லைச் சீமையிற் பிறந்து, இந்தி வழங்கும் தலைநகரில் தமிழ் நாடகம் ஆடிய ஒருவருக்குத் தம் பேச்சு வழக்கு இயல்பாக வாய்த்த ஒன்றாக மட்டும் இராது; செவியால் உற்றுநோக்கும் ஒரு பொருளாகவும் ஆகிவிடும். துரை இயக்கிய 'பசி'யில் (1979) அவர் சென்னைச் சேரியில் வாழும் ரிக்‌ஷாக்காரர். ஷோபாவின் தந்தையாக அவர் நடித்தபோது அவருக்கு அகவை முப்பத்தைந்துதான். வேற்று வழக்கை வாயில் ஏற்றியதோடு நில்லாது, வேற்று அகவையையும் உடலில் ஏற்றினார். அப்படத்திற்காகத் தமிழ்நாட்டரசு அவருக்குச் சிறப்புப் பரிசு வழங்கியது. 'நாயகன்' (1987) படத்தில் இந்தியறியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்க்கும் ஐயராக வருகிறார். ஒருவன் சினத்தை மற்றொருவன் மொழியில் எடுத்துரைக்க வேண்டிய நிலை அது. சொல் அவருடையது, சினம் அவருடையதன்று.

ஈண்டு ஓர் இலக்கணச் செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். நடிப்பவன் செய்தது காண்பவரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது செயிற்றியனார் கருத்து. இளம்பூரணர் தம் மெய்ப்பாட்டியல் உரையில் இதனை எடுத்துக்காட்டுவர். இதனை மேலெழுந்தவாரியாகப் பயில்வார், அழுகையை நடித்தால் அழுகையும், அச்சத்தை நடித்தால் அச்சமும் காண்பவரைச் சேரும் என்று கொள்வர். 'பசி'க்கு அது பொருந்தும். அழுகை தோன்றும் நிலைக்களன்களுள் வறுமையும் ஒன்றென வைத்த தொல்காப்பியர் நெறி அங்கு நேராகவே நிற்கிறது. ஆனால், டெல்லி கணேஷின் தலைசிறந்த காட்சிகள் அந்நெறியில் அமைந்தனவல்ல. அவற்றில் உய்ப்போன் கொண்ட மெய்ப்பாடு ஒன்று. காண்போனை எய்துவது பிறிதொன்று. இரு திருமண விருந்துகளைக் கொண்டு இதனை நிறுவலாம்.

முதலாவது, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). பாலக்காட்டு மணி ஐயர் என்னும் சமையற்காரர், காமேசுவரனை வளர்த்த தந்தை. விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. அது பந்தியில் அமர்ந்தார் அறியாமற் காக்கப்படல் வேண்டும். அரங்கு முழுவதும் நகைக்கிறது. மணி ஐயரோ நகைச்சுவை செய்வதே இல்லை. தம் தொழிலும் ஆசாரமும் ஒரே நொடியில் அழியப்போகின்றன என்னும் மெய்யான அச்சமே அவர்பால் உள்ளது. அவ்வச்சம் எத்துணைக்கு உண்மையோ அத்துணைக்கு நம் நகை மிகும். மலையாள ஓசை தோய்ந்த பாலக்காட்டுத் தமிழும் வேடிக்கைக்காகப் பூசிய பூச்சன்று. அது அம்மனிதர் அஞ்சும்போது அஞ்சும் மொழி. கிரேசி மோகனின் உரையாடலைப் போற்றுவார் பலர். அவ்வுரையாடலைத் தாங்கிய இவ்வச்சத்தைப் போற்றுவார் மிகச் சிலரே. இதற்கு முந்தைய ஆண்டில் அதே இயக்குநரின் 'அபூர்வ சகோதரர்க'ளில் அவர் கொலைகாரர் நால்வருள் ஒருவர் என்பதை ஒப்புநோக்குவார்க்கு இது மேலும் விளங்கும்.

இரண்டாவது, தி. ஜானகிராமனின் 'பாயசம்'. வசந்த் எஸ். சாய் இயக்கத்தில், நெட்பிளிக்ஸின் 'நவரசா' தொகுப்பில் 2021 ஆகஸ்டு 6 இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜானகிராமனுக்கு நூற்றாண்டு. நடிகருக்கோ எழுபத்தேழு நிறைந்து ஐந்து நாளே ஆகியிருந்தது. சாமநாது என்னும் முதியவர் உறவினன் சுப்பராயனின் செழிப்பைக் கண்டு உள்ளம் வேகிறார். அவன் வீட்டுத் திருமணத்தில் பாயசம் நிறைந்த பெரும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துவிட்டது என்கிறார். அங்கே விழுந்ததை மறைக்கப் பொய். இங்கே விழாததை விழுந்ததாகக் காட்டப் பொய். முன்னைய விருந்தில் பந்தியைக் காக்க நடுங்கிய அதே உடல், பின்னைய விருந்தில் பந்தியைக் கெடுக்க முழுவலியையும் திரட்டுகிறது.

'நவரசா' தொகுப்பு இக்கதையைப் பீபத்ஸம் என்னும் சுவைக்கு உரியதாக்கிற்று. அது அருவருப்பு எனத் தமிழில் வழங்கும். அருவருப்பு புறப்பொருளை நோக்கியது. எலி விழுந்த பாயசம் அருவருப்பு. ஆனால் எலியே இல்லையே! எனவே, தொல்காப்பியர் கூறும் இளிவரலே இதற்குத் தக்க பெயர் என்பது என் துணிபு. முதுமை, நோய், வருத்தம், மென்மை என்பன அதற்கு நிலைக்களன்கள். பிறர் மாட்டு மட்டுமன்றித் தன் மாட்டும் அது தோன்றும். சாமநாதுவின் கேட்டிற்கு வேராக நிற்பவை முதுமையும் வருத்தமுமே. டெல்லி கணேஷ் அருவருக்கத்தக்க ஒருவனை நடிக்கவில்லை. தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக முற்றும் நம்பும் ஒரு கிழவரை நடிக்கிறார். பொறாமையின் வெம்மையும், செய்து முடித்த நொடியில் ஒரு சிறு பெருமிதமும் அவருடையன. இளிவரல் நம்முடையது.

சிறுகதையில் ஆசிரியர் சாமநாதுவின் உள்ளத்துள் புகுந்து எழுதுகிறார். திரைக்கு அவ்வாய்ப்பு அரிது. ஆதலின் மறைந்த மனைவியைக் கண்முன் நிறுத்திப் பேசவைத்தார் இயக்குநர். ரோகிணி அப்பகுதியைக் குறைவின்றிச் செய்துள்ளார். எனினும், அத்துணை விளக்கம் வேண்டியிருந்ததா என்னும் ஐயம் எழுகிறது. பிறர் வாழ்த்தும்போது இவர் முகம் கொள்ளும் இறுக்கத்திலேயே அவ்வுரையாடல் முழுதும் அடங்கியிருந்தது.

அவர் தொலைக்காட்சித் தொடர்களிலும் நெடுங்காலம் நடித்தார். அத்தொடர்கள் இவ்வகை நடிப்பிற்கு இடந்தரவில்லை எனல் வேண்டும். பின்னணி இசையும் அண்மைக்காட்சியும் காண்போன் கொள்ள வேண்டிய மெய்ப்பாட்டை முன்னரே கட்டளையிட்டுவிடுகின்றன. அங்கே அழுகை அழுகையாகவே ஊட்டப்படும். உய்ப்போனுக்கும் காண்போனுக்கும் இடையே வெளி இல்லை. அவ்வெளியில் வாழ்ந்த நடிகர் அங்கே நல்ல தந்தையாகவும் தாத்தாவாகவும் அமைந்துவிட்டதில் வியப்பில்லை.

'பாயசம்' படத்தின் இறுதியில் கைம்பெண்ணான மகள் (அதிதி பாலன்) தந்தையைப் பார்க்கும் பார்வையை மீண்டும் நோக்குக. அதுவரை நம்மிடம் மட்டும் இருந்த இளிவரல், அப்பார்வை வழியே அவரைச் சென்று சேர்கிறது. காண்போன் மெய்ப்பாடு உய்ப்போனுக்குத் திரும்பும் இடம் அது. அவர் முகம் அதனை ஏற்கவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது, சற்றே திரும்பிக்கொள்கிறது.