அரப்பும் ஈரமும்

கோயமுத்தூர்ப் பக்கத்தில் அரப்பு என்றால், உசிலை மரத்து இலையை உலர்த்தி இடித்துச் சலித்த பச்சைப் பொடி. யாழ்ப்பாணத்திலோ அதே பெயர், சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்து அரைத்த ஈரக் குழம்பைக் குறிக்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு என்று அகராதிக்காரரைப் போலக் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தலைக்கும் மேனிக்கும் பூசுகிற வஸ்துக்களைக் கெடாமல் காக்கும் விஷயத்தில் இவ்விரு பிரதேசங்களும் வெவ்வேறு வழியில் போயின என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் எங்கள் சீமையில், ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே பெய்வதால், உலர்த்துவதற்கு வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆகவே இங்கே காப்பு என்பது ஜலத்தைத் துரத்துவதே. பொள்ளாச்சித் தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாற்றை ஊற்றிக் காய்ச்சும் நாளில், என் அம்மாயி அடுப்பருகே ஒரு பஞ்சுத் திரியோடு உட்கார்ந்திருப்பார். கொப்பளிப்பு ஓய்ந்தபின் திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவார். சடசடவென்று பொரிந்தால் சட்டி மறுபடி அடுப்பேறும். “சத்தம் அடங்கோணும் கண்ணு, அடங்குலீன்னா ரெண்டே வாரத்துல கெட்டுப்போயிரும்” என்பார். நீர் இல்லாத இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருக இயலாது என்ற சாஸ்திரத்தை அவர் படித்தவரல்லர். ஆனால் அந்தத் திரியின் சத்தத்தில் அது முழுவதும் அடங்கியிருந்தது.

இலங்கையர் தைலம் காய்ச்சத் தெரியாதவர்கள் அல்லர். அங்கும் நீல்யாதி தைலம் பிரசித்தமானது. எனினும் அவர்களுடைய விசேஷ ஸ்நானங்களெல்லாம் ஈரத்தைச் சார்ந்தவை. சித்திரை வருஷப்பிறப்புக்குத் தமிழர் தலையில் வைக்கும் மருத்துநீரும், சிங்களவர் அதே புத்தாண்டில் எண்ணெயோடு பூசும் ‘நானு’ என்ற மூலிகைக் குழம்பும் அந்தந்தச் சடங்குக்கென்று புதிதாகச் செய்யப்படுபவை. நல்லூரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, மிஞ்சிய அரப்பை எடுத்து வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, அவர் மாமி என்னை விசித்திரமாகப் பார்த்து, “இண்டைக்கு அவிச்சது இண்டைக்குத்தான் தம்பி, நாளைக்கு மணக்கும்” என்றார். கெடுவதற்குக் காலமே கொடுக்காதிருப்பதும் ஒரு காப்புத்தானே!

இவ்விரண்டையும் விட்டு மூன்றாவதொரு வழியை இப்போது இரு கரையிலும் பிடித்திருக்கிறார்கள்: கற்றாழைச் சாறும் பன்னீரும் எண்ணெயும் கலந்த முகக் களிம்பை வீட்டில் செய்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பது. ஒரு பயிற்சி வகுப்பில், வைட்டமின் ஈ இரண்டு சொட்டு விட்டால் கெடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால், விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் போலப் படர்ந்திருந்தது. வைட்டமின் ஈ எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்தும். பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. வேப்பிலையையும் மஞ்சளையும் நம்பிக் களிம்பை மாதக்கணக்கில் வைப்பதும் இதே மயக்கந்தான்.

நீர் கலந்த களிம்புக்குக் காப்பு மருந்து வேண்டும், அது ‘கெமிக்கல்’ என்று முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை. ஊறுகாய்க்காரர்களுக்குப் பழக்கமான சோடியம் பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும். அமில கார அளவு ஐந்துக்கு மேலே ஏற ஏற அதன் சக்தி வேகமாகக் குன்றும். அதன் சகாவான பொட்டாசியம் சார்பேட்டும் புளிப்பை நாடுவதே. ஆகையால், அளவறிந்து சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்து, சோதனைத் தாளால் பார்த்த பின்பே இவற்றை நம்பலாம். புளிப்பைப் பொருட்படுத்தாத பீனாக்சி எத்தனாலுக்கு ஐரோப்பிய விதிகள் நூற்றுக்கு ஒன்று என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன; கைவாக்கில் ஊற்றுகிற சமாசாரமல்ல, தராசு வேண்டும்.

எனக்கோ தராசு பிடிக்கும் பொறுமை குறைவு. கற்றாழையை மாமியின் வழக்கப்படி அன்றன்றைக்கு அறுத்துக் கொள்கிறேன்; அரப்புப் பொடி அம்மாயியின் பழைய தூக்குப்போசியில் இருக்கிறது, ஈரக்கை படாதிருக்க உள்ளேயே ஒரு கொட்டாங்கச்சி அகப்பையுடன்.