கொசுறாகப் போகும் இளைஞர்கள்

2023 கோடையில் நியூயார்க் மெட்ஸ் செய்த காரியத்தை பேஸ்பால் உலகில் இன்றும் மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். 39 வயது மேக்ஸ் ஷெர்சரை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கும், 40 வயது ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கும் சில நாள் இடைவெளியில் அந்த அணி அனுப்பிவைத்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 4.3 கோடி டாலருக்கு மேல் சம்பளம். அவர்கள் வேறு அணிக்குப் போன பிறகும் பாக்கிச் சம்பளத்தில் பெரும்பகுதியை மெட்ஸே கட்டியது. ஷெர்சர் கணக்கில் மட்டும் சுமார் 3.5 கோடி. அதற்கு ஈடாக லூயிஸாங்கெல் அகுன்யா, ட்ரூ கில்பர்ட், ரயன் கிளிஃபர்ட் என்று மூன்று இளைஞர்கள் கிடைத்தார்கள். பணத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்கிய சாமர்த்தியம் என்று அன்று தொடங்கிய பாராட்டு இப்போது கொள்கையாகவே ஊறிவிட்டது. பரிமாற்றக் கெடு நெருங்கும்போதெல்லாம் அதே நியாயத்தைச் சொல்கிறார்கள்: வயதான நட்சத்திரத்தின் ஒப்பந்தம் ஒரு சுமை, இளைஞன் ஒரு சொத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்டிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் இருக்கிறது என்பது என் நெடுநாள் கருத்து. அதை யார் சுமக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பரிமாற்றங்களால் நன்மையே விளைந்ததில்லை என்று சொல்லவில்லை. 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது டெட்ராய்ட்டிலிருந்து ஹூஸ்டன் போக வெர்லாண்டர் சம்மதித்தார். அந்த ஆண்டே ஆஸ்ட்ரோஸ் உலகத் தொடரை வென்றது, அவரும் பிறகு சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை இரண்டு முறை பெற்றார். 2012இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 25 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை டாட்ஜர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு மறு ஆண்டே சாம்பியன் ஆனது. 2023இல் ஷெர்சரை வாங்கிய ரேஞ்சர்ஸும் அதே ஆண்டு தன் முதல் கோப்பையைத் தூக்கியது. இவற்றை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

என் ஆட்சேபம் வேறு இடத்தில். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் வாங்கினால் கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை தருவார்கள். கொசுறு எப்போதும் வாங்கிய பொருளைவிட விலை குறைந்ததாகத்தான் இருக்கும். பேஸ்பாலில் இது தலைகீழ். யாரும் விரும்பாத ஒப்பந்தத்தை இன்னோர் அணியின் தலையில் கட்ட வேண்டுமானால், தன்னிடமுள்ள நல்ல இளைஞன் ஒருவனைக் கொசுறாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

2015 ஜூனில் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அப்படித்தான் செய்தது. 38 வயது பிட்சர் பிரான்சன் அரோயோ முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் பந்து வீச முடியாமல் இருந்தார். அவருக்குச் சேர வேண்டியது சுமார் ஒரு கோடி டாலர். அந்தச் சுமையை அட்லாண்டா பிரேவ்ஸ் ஏற்க வேண்டும் என்பதற்காக, முந்தைய ஆண்டு புதிய வீரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட 19 வயது டூக்கி டூசாண்டையும் சேர்த்து அனுப்பினார்கள். பதிலுக்கு அரிசோனாவுக்குக் கிடைத்தவர் பில் கோசலின் என்ற மாற்று ஆட்டக்காரர் ஒருவர் மட்டுமே. அரோயோ அட்லாண்டாவுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. அடுத்த மாதமே அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

2019இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி செய்ததும் இதுவே. ஜூனில் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த வில் வில்சனை டிசம்பரில் மூத்த வீரர் ஜாக் கோசார்ட்டின் ஒப்பந்தத்தோடு கட்டி சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு அனுப்பியது. கோசார்ட்டின் மிச்சச் சம்பளம் ஏறத்தாழ 1.27 கோடி டாலர். ஜயண்ட்ஸ் ஜனவரியிலேயே அவரை விடுவித்தது. அவர் அந்தச் சீருடையில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. வாங்குகிறவருக்கு முதிய வீரர் வேண்டியிருக்கவில்லை, இளைஞன்தான் வேண்டியிருந்தது. முதியவரின் சம்பளம் அந்த இளைஞனுக்குக் கொடுத்த விலை. ஆகவே நான் இதைப் பரிமாற்றம் என்று சொல்வதில்லை, விற்பனை என்றே சொல்கிறேன்.

விற்பனை என்றதும் 1976 நினைவுக்கு வர வேண்டும். ஓக்லண்ட் ஏ'ஸ் உரிமையாளர் சார்லி ஃபின்லி, ரோலி ஃபிங்கர்ஸையும் ஜோ ரூடியையும் தலைக்குப் பத்து லட்சம் டாலருக்கு ரெட் சாக்ஸுக்கும், வைடா ப்ளூவைப் பதினைந்து லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். பேஸ்பால் ஆணையர் போவி கூன் அதை ரத்து செய்தார். வீரர்களை இப்படிப் பணத்துக்கு விற்பது விளையாட்டின் நலனுக்கு ஆகாது என்பது அவர் நிலை. அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அன்று காசோலையாக வந்த அதே பணம் இன்று ஒரு முதிய வீரரின் சம்பளச் சீட்டாக வருகிறது, யாரும் தடுப்பதில்லை.

மிகக் கசப்பான உதாரணம் பாஸ்டன். 2020 பிப்ரவரியில் ரெட் சாக்ஸ் தன் மொத்தச் சம்பளச் செலவை ஆடம்பர வரி வரம்புக்குக் கீழே இறக்க விரும்பியது. 34 வயது டேவிட் பிரைஸுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் பாக்கி இருந்தது. பாதியைத் தானே கட்டுவதாகச் சொல்லியும் சுமை நகரவில்லை. அதோடு மூக்கி பெட்ஸையே டாட்ஜர்ஸிடம் கொடுத்தார்கள். 27 வயது பெட்ஸ், 2018இல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர், அந்த நகரமே கொண்டாடிய பிள்ளை. அவருடைய ஒப்பந்தத்தில் ஓராண்டுதானே மீதம் இருந்தது என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். அந்த ஓராண்டை நீட்டிக்க டாட்ஜர்ஸுக்கு ஐந்து மாதம் போதுமானதாக இருந்தது: 12 ஆண்டு, 36.5 கோடி டாலர். கொரோனா காரணமாக பிரைஸ் அந்தப் பருவத்தில் ஆடவே இல்லை. அவர் ஒரு பந்தும் வீசாமலேயே டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. பாஸ்டன் 24 வெற்றி, 36 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது.

ஜாரெட் கெலெனிக்கின் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. 2018இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் மெட்ஸ் அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. அதே டிசம்பரில், சியாட்டில் மேரினர்ஸ் 36 வயது ராபின்சன் கனோவைத் தள்ளிவிட முனைந்தது. கனோவின் ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டும் 12 கோடி டாலரும் பாக்கி. அவரோடு சியாட்டில் வைத்த கொசுறு, அந்தப் பருவத்தில் 57 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்த 24 வயது எட்வின் டியாஸ். டியாஸுக்கு ஈடாக மெட்ஸ் கொடுத்தவர்களில் 19 வயது கெலெனிக்கும் ஒருவர். கனோ 2021 முழுவதும் ஊக்கமருந்துத் தடையில் கழித்தார். 2022 மே மாதம் மெட்ஸ் அவரை விடுவித்தது.

கெலெனிக் சியாட்டிலில் தடுமாறித் தடுமாறி வளர்ந்தார். 2023 ஜூலையில் ஸ்ட்ரைக்அவுட் ஆன ஆத்திரத்தில் தண்ணீர் டப்பாவை உதைத்துப் பாதத்தை உடைத்துக்கொண்டார். அணிக்குத் துரோகம் செய்துவிட்டதாகக் குமைந்து நிருபர்கள் முன்னால் கண் கலங்கினார். அந்த டிசம்பரில் சியாட்டில் மார்க்கோ கோன்சாலஸ், இவான் ஒயிட் என்ற இரண்டு ஒப்பந்தங்களின் பாரத்தை இறக்க நினைத்தது. அப்போது அட்லாண்டாவுக்குக் கொசுறாகப் போனவர் இதே கெலெனிக்தான். அட்லாண்டா மற்ற இருவரையும் சில நாளிலேயே வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. 24 வயதுக்குள் இரண்டு முறை அடுத்தவர் சம்பளக் கணக்குக்காக இடம் பெயர்ந்த ஒருவரிடம் விசுவாசத்தையும் நிதானத்தையும் எதிர்பார்க்கிறோம்.

யாரிடம் சம்மதம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஷெர்சருக்கும் வெர்லாண்டருக்கும் மறுக்கும் உரிமை இருந்தது, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே பரிமாற்றம் நடந்தது. பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவர் எந்தப் பரிமாற்றத்தையும் மறுக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவரும் மறுக்கலாம். 2024 டிசம்பரில் நோலன் அரேனாடோ என்ற மூத்த வீரர் ஹூஸ்டனுக்குப் போக முடியாது என்று சொன்னார், விஷயம் அங்கேயே முடிந்தது. இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1969இல் கர்ட் ஃபிளட் என்ற வீரர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் வழக்கில் தோற்றார், தன் ஆட்ட வாழ்க்கையையும் இழந்தார். அவருக்குப் பிறகுதான், 1973இல், மூத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. அகுன்யாவுக்கும் கில்பர்ட்டுக்கும் கிளிஃபர்ட்டுக்கும் டூசாண்டுக்கும் வில்சனுக்கும் கெலெனிக்குக்கும் அது கிடையாது. அவர்களுக்குத் தகவல் மட்டும்தான் வரும்.

புதிய அணியில் இளைஞனுக்குச் சீக்கிரம் வாய்ப்பு கிடைக்குமே என்பார்கள். கிடைக்கலாம். அவனிடம் கேட்டுவிட்டு அனுப்பினாலும் அதே வாய்ப்பு கிடைக்கும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது சம்பள முறை. மேஜர் லீகில் ஆறாண்டு ஆடிய பிறகே ஒரு வீரர் தன் விலையைச் சந்தையில் கேட்க முடியும். ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சச் சம்பளமோ அதை ஒட்டியோதான், 2025 கணக்கில் 7.6 லட்சம் டாலர். உடம்பு உச்சத்தில் இருக்கும்போது குறைவாகக் கொடுத்துவிட்டு, முப்பது தாண்டியதும் பத்தாண்டு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். கனோ 31 வயதில் 24 கோடிக்குக் கையெழுத்திட்டபோது, கடைசி ஆண்டுகள் பாரமாகும் என்பது சியாட்டிலுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தே எழுதுகிறார்கள். தள்ளிவிட வழி இருக்கிறது என்ற தைரியம்தான் அந்தப் பேனாவைப் பிடிக்கிறது. இளைஞனைக் கொசுறாக வைக்க முடியாது என்றால் பாதி ஒப்பந்தங்கள் இவ்வளவு நீளமாக இருக்காது.

இன்னும் மேஜர் லீகை எட்டாத மைனர் லீக் வீரர்களும் 2022இல் மேஜர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்காகப் பேசும் கடமை அந்தச் சங்கத்துக்கு உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளப் பாக்கி கைமாறும் எந்தப் பரிமாற்றத்திலும், உடன் அனுப்பப்படும் இளம் வீரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும். அணிகளுக்கும் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது.