சிதறும் எழுத்துக்கள்: கணினி வடிவமைப்பில் அரபும் தமிழும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊரின் பெயரை ஒருங்குறியில் தட்டெழுதி, பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு ஒன்றில் ஒட்டிப் பார்த்தால் அம்மென்பொருளின் இயல்பு உடனே விளங்கிவிடும். முதலெழுத்தாகிய 'பெ' உடையும். 'ப' தனித்து நிற்க, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் நகர்ந்து 'ரி'யின் தோளில் தொற்றிக்கொள்ளும். சில எழுத்துக்கள் தள்ளி 'ளை'க்கும் இதே கதி நேரும். 'கோவை' என்று எழுதினாலோ, 'க' வெளியே நிற்க, கொம்பும் காலும் தமக்கிடையே ஒரு வெற்றிடத்தை அணைத்துக்கொண்டிருக்கும். ஊர்ப்பெயர் என்பதால் இப்பிழையை யாரும் கண்டுகொள்வர். கடைக்காரர் முதல் பள்ளி மாணவர் வரை சிரிப்பர். வடிவமைப்பாளர் உடனே திருத்திவிடுவார்.

அதே மென்பொருளில் அதே வடிவமைப்பாளர் ஓர் அரபு வாசகத்தை ஒட்டும்போது நேர்வது இதைவிடக் கொடியது. கைகோத்து நிற்க வேண்டிய எழுத்துக்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. வலமிருந்து இடமாக ஓட வேண்டிய வரி இடமிருந்து வலமாகத் திரும்புகிறது. ஆனால் இதனைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. திருத்தப்படாமலேயே அது இருபதடி ஃப்ளெக்ஸாகச் சாலையோரம் எழுந்து நிற்கிறது. இந்த வேறுபாடே நம் கட்டுரையின் பொருள்.

நூல்களுக்கு மதிப்புரை எழுதும் நாம் நிக்காஹ் அழைப்பிதழ்களுக்கும், பெருநாள் வாழ்த்துப் பலகைகளுக்கும், மதரஸா ஆண்டுவிழாச் சுவரொட்டிகளுக்கும் மதிப்புரை எழுதுவதில்லை. அவை படைப்புகள் அல்ல என்று கருதுகிறோம் போலும். எனினும் ஓர் ஊரின் முஸ்லிம்களைப் பற்றிப் பிற சமயத்தார் கண்ணால் காணும் எழுத்து பெரும்பாலும் அவைதாம். நம் ஆய்விதழ்களைக் கையில் எடுப்போர் சில நூறு பேர் எனின், மேட்டுப்பாளையம் சாலைப் பலகை ஒன்றைப் பேருந்திலிருந்து ஒரே நாளில் பார்ப்போர் பல்லாயிரவர்.

சிக்கலின் வேரைச் சற்றே விளக்குதல் நலம். அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துக்களில் பெரும்பாலானவை இடத்திற்கேற்ப நான்கு உருவங்களைக் கொள்வன: தனித்து, முதலில், இடையில், இறுதியில். கணினியில் எழுத்துக்கு ஒரே குறியீடுதான் பதிவாகிறது. எந்த உருவத்தைத் திரையில் காட்டுவது என்று முடிவு செய்வது மென்பொருளின் உள்ளே இயங்கும் எழுத்தமைப்புப் பொறியின் வேலை. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், ஒளிப்படங்களைத் திருத்துவதற்கென உரோமன் எழுத்துலகில் பிறந்தது. அரபு, ஹீப்ரு மொழிகளுக்கென 'மத்திய கிழக்குப் பதிப்பு' என ஒன்று நெடுங்காலம் தனியே விற்கப்பட்டது. பொதுப் பதிப்பிலேயே அவ்வசதி இடம்பெற்றது 2012இல் வந்த சி.எஸ். 6இல்தான். இன்டிசைன் மென்பொருள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஒழுங்காக அமைக்கத் தொடங்கியதும் அதே பதிப்பில்தான். அப்போதும் விருப்பத் தேர்வுகளுக்குள் நுழைந்து எழுத்துப் பொறியை மாற்றி, பத்திப் பலகத்தின் உள்பட்டியில் இன்னொரு தேர்வையும் செய்தல் வேண்டும். இதனைச் சொல்லிக்கொடுப்பார் இல்லை. 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7.0 என்ற பதிப்பையே நம் ஊர் டி.டி.பி. நிலையங்கள் மிக நீண்ட காலம் விடாமல் பிடித்திருந்தன. அதன் மேல் உழைத்துத் தேர்ந்த கைகள் புதியதற்கு மாற மனங்கொள்ளவில்லை. பழைய கணினிகளும் இடங்கொடுக்கவில்லை.

வழி அடைபட்ட இடத்தில் குறுக்கு வழிகள் பிறப்பது இயல்பு. அவற்றுள் சில வியக்கத்தக்கவை, சில நடுங்கத்தக்கவை. இணையத்தில் கிடைக்கும் 'பிஸ்மில்லாஹ்' படமொன்றை எடுத்து ஒட்டுவது முதல் வழி. சிறிய படத்தை இருபதடிக்கு நீட்டும்போது எழுத்தின் விளிம்புகள் படிக்கட்டுகளாகச் சிதைகின்றன. அகலம் போதவில்லையெனில் அரபு எழுத்தர்கள் 'தத்வீல்' என்னும் இணைப்புக் கோட்டை மட்டும் நீட்டுவர். எழுத்தின் உடல் மாறாது. நம் வடிவமைப்பாளரோ படத்தின் பக்கவாட்டுப் பிடியை இழுக்கிறார். அலிஃப் தடித்துத் தூணாகிறது, மீமின் கண் நசுங்குகிறது. இரண்டு மினாராக்களும் சமச்சீராக அமைய வேண்டுமென்று இடப்பாதியைப் பிரதியெடுத்துக் கிடைமட்டமாகப் புரட்டுவோரும் உளர். இடப்பாதியில் இறைவனின் திருநாமம் எழுதப்பட்டிருந்தால் வலப்பாதியில் அது கண்ணாடிப் பிம்பமாகிவிடுகிறது.

இவை கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். கண்ணுக்குத் தெரியாத குற்றம் ஒன்று உண்டு. அரபு வரியை முன்பின்னாகத் திருப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய உருவத்தையும் தானே இட்டுத் தரும் மாற்றிகள் கிடைக்கின்றன. அவற்றின் வழியே வந்த வரியைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துக்கள் அழகாக இணைந்தே தோன்றும். மென்பொருள் அதை ஆங்கில வரியாகக் கருதி இடமிருந்து அடுக்குகிறது. நாம் வலமிருந்து படிக்கிறோம். இரு பிழைகள் சேர்ந்து ஒரு சரி. ஆயின் வாசகம் நீண்டு இரண்டாம் வரிக்கு மடங்கும்போது இந்தச் சமாதானம் குலைகிறது. மென்பொருள் கணக்கில் முதலில் இருப்பது வாசகத்தின் முடிவு. ஆகவே முடிவு மேல் வரியிலும் தொடக்கம் கீழ் வரியிலும் போய் அமர்கின்றன. ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது, எழுத்துக்கள் இணைந்துள்ளன, இறைவசனம் மட்டும் தலைகீழாகிவிட்டது. இத்தகைய பலகைகள் ஓர் ஆண்டல்ல, பல ரமளான்களில் நம் கண்ணில் பட்டுள்ளன. அவற்றின் கீழ் ஜமாஅத்தாரின் பெயர்கள் தமிழில் ஓர் ஒற்றுப்பிழையும் இன்றி அச்சாகியிருந்தன.

அச்சகத்திற்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்துக்களை எல்லாம் 'கர்வ்' செய்துவிடுவது தொழில் வழக்கம். எழுத்துரு அச்சகத்தாரின் கணினியில் இல்லாவிடினும் வடிவம் கெடாதிருக்க, எழுத்து வெறும் வளைகோடாக மாற்றப்படுகிறது. கோரல்டிராவில் ஓர் ஆணையில் முடிந்துவிடும் வேலை இது. பயன் பெரிதுதான்; இழப்பும் பெரிது. கர்வ் செய்த கணத்தில் எழுத்து எழுத்தாக இருப்பது நின்று ஓவியமாகிவிடுகிறது. அதைத் தேட முடியாது, திருத்த முடியாது, எழுத்துப் பிழை காண முடியாது. அடுத்த ஆண்டு அதே கோப்பில் தேதியும் தலைவர் பெயரும் மட்டும் மாற்றப்படுகின்றன. வசனத்தில் இருந்த பிழை அப்படியே மறு ஆண்டுக்குச் செல்கிறது. ஓர் ஊரின் வார்ப்புரு பக்கத்து ஊருக்குக் கைமாறும்போது பிழையும் உடன் பயணிக்கிறது.

ஈய எழுத்துக் காலத்தை நினைவுகூர்கிறோம். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், முன்னர்ப் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப்பணி ஆற்றியவர். அக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தி.சு. அவிநாசிலிங்கமே 1930இல் அவ்வித்தியாலயத்தையும் தொடங்கியவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அக்காலத்து அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கினார். ஆகவே எழுத்தை அறிந்தே தீர வேண்டியிருந்தது. மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருந்தார்; அவருக்கெனக் கூலியும் இருந்தது. நம் காலத்து வடிவமைப்பாளர் தாம் அமைக்கும் அரபு வரியில் ஓர் எழுத்தையும் அறியாதவராக இருக்கலாம். பெரும்பாலும் அவர் முஸ்லிமும் அல்லர். அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. நூற்பு இயந்திர உறுப்புகளை மயிரிழைப் பிசகின்றிக் கடையும் தொழிற்சாலை உள்ள இவ்வூரில், அளவுகருவி தந்து அளவும் சொன்னால் யாரும் துல்லியமாகவே வேலை செய்வர். அளவு சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அச்சுக்கருவி நம் எழுத்தைச் சிதைப்பது புதிதன்று. 1537-38 அளவில் வெனிஸ் நகரில் பகனினி குடும்பத்தார் திருக்குர்ஆனை அச்சு எழுத்தில் பதிப்பித்தனர். ஒரு பிரதிகூட எஞ்சவில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது; 1987இல் ஆஞ்செலா நுவோவோ என்னும் ஆய்வாளர் அந்நகரத்துத் துறவியர் நூலகம் ஒன்றில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். தாலும் ஃதாலும் வேறுபடாமல் கிடந்த அப்பிரதியைப் பார்ப்போர்க்கு, அப்பதிப்பு முஸ்லிம்களிடையே ஏன் செல்லுபடியாகவில்லை என்பது விளங்கும். பின்னர்க் கல்லச்சு வந்தபோது முஸ்லிம் உலகம் அதனை மனமுவந்து ஏற்றது. எழுதுபவரின் கை அதில் சிதையாமல் பதிந்தது. கீழக்கரை, காயல்பட்டினத்து ஆலிம்களின் அரபுத்தமிழ் நூல்கள் அச்சேறியதும் கல்லச்சின் துணையால்தான். தமிழ் ஒலிகளுக்கெனக் கூடுதல் புள்ளிகள் இட்ட எழுத்துக்களை வேறு எவ்வச்சும் அன்று தந்திராது.

உருது வாசகரின் வரலாறு இன்னும் படிப்பினை உடையது. நஸ்தஃலீக் எழுத்தில் பழகிய அவர்கள் ஈய எழுத்தின் நஸ்கு வடிவத்தை ஏற்க மறுத்தனர். சென்னையில் 1927இல் தோன்றிய 'முஸல்மான்' நாளேடு தலைமுறைகள் கடந்தும் காதிபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது. பிறமொழி ஏடுகள் இயந்திரத்தில் கோக்கப்பட்ட காலத்திலும் உருது ஏடுகள் காதிபின் பேனாவை விடவில்லை. விளைவு யாது? இயந்திரம் இறங்கி வந்தது. 1981இல் மிர்ஸா அஹ்மத் ஜமீல் பல்லாயிரம் எழுத்துக் கூட்டுகளைக் கையால் வரைந்து 'நூரி நஸ்தஃலீக்' எழுத்துருவை உருவாக்கினார். 1994இல் நம் நாட்டிலேயே இன்பேஜ் மென்பொருள் பிறந்தது. படிப்பவர் பிடிவாதமாக இருந்தால் கருவி அவர்க்கேற்ப உருவாகும். நம் பலகையில் உள்ள அரபுக்கோ அத்தகைய வாசகர் இல்லை. அது பரக்கத்துக்காக, பச்சை நிறத்தைப் போல, பிறையைப் போல, வைக்கப்படும் ஓர் அணி. ஓதத் தெரிந்தவர்களும் பலகையை ஓதுவதில்லை, பார்க்கிறார்கள்.

எழுத்தை ஓவியமாக்குவதே குற்றம் என்று நாம் கூறவில்லை. மதீனாவில் மன்னர் ஃபஹ்து வளாகம் வெளியிட்ட எழுத்துருக்களை நோக்குக. உஸ்மான் தாஹாவின் கைவண்ணத்தைக் கணினியில் அப்படியே காட்டுவதற்காக 604 பக்கங்களுக்கும் பக்கத்திற்கொன்றாக எழுத்துரு அமைத்து, முழுச் சொல்லையே ஓர் எழுத்தாக வைத்தனர். அதுவும் ஒரு குறுக்கு வழிதான். ஆனால் அதன் பின்னே ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்க்கும் அறிஞர் குழு இருந்தது. நம் குறுக்கு வழியின் பின்னே யாரும் இல்லை.

இன்று குறுக்கு வழிகளுக்குத் தேவையும் குறைந்துவிட்டது. ஃபோட்டோஷாப்பின் அண்மைப் பதிப்புகள் அரபையும் தமிழையும் ஒருங்கே ஒழுங்காக அமைக்கின்றன. விலை கொடுத்து வாங்க இயலாதார்க்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. பக்க வடிவமைப்புக்குரிய ஸ்கிரைபஸ் 2017இல் அரபையும் இந்திய எழுத்துக்களையும் கற்றுக்கொண்டது. அப்பணியில் ஓமான் நாட்டு ஆர்வலர்களின் பங்கு பெரிது. 1905ஆம் ஆண்டின் பூலாக் அச்சக நஸ்கை அடியொற்றிக் காலித் ஹுஸ்னி உருவாக்கிய 'அமீரி' எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய 'தன்ஸீல்' திட்டத்தின் சரிபார்க்கப்பட்ட மறைவாசகமும் அவ்வாறே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எழுத்துக்களைக் கோத்துத் தருவது 'ஹர்ஃப்பஸ்' என்னும் பொறி. பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்பது அப்பெயரின் பொருள். ஒவ்வொரு ஹர்ஃபுக்கும் பத்து நன்மை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இப்பெயர் இனிக்க வேண்டும். பள்ளிச் சிறுவனின் கைப்பேசியில் பிழையின்றித் தோன்றும் வசனம், பல்லாயிரம் ரூபாய்ப் பலகையில் சிதறிக் கிடப்பது விந்தை.

உரிமமற்ற பிரதிகளைப் பற்றியும் ஒரு சொல். அறிவுசார் உரிமைகள் மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்டவை என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. களவுப் பிரதி மென்பொருளில் இறைவசனத்தை அமைப்பது பற்றி நம் ஆலிம்கள் வாய் திறந்து நாம் கேட்டதில்லை.

தமிழுக்கும் இதில் இழப்பு உண்டு. ஒருவகையில் அது ஆழமானது. பேஜ்மேக்கர் காலத்தில் நம் இதழ்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் கோக்கப்பட்டன. அம்முறையில் 'தமிழ்' என்ற சொல் கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கும். எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது அக்குப்பையே. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில், ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் ஏற்றது. ஆணைகள் வந்தன, வட்டுகளில் கிடந்த பழைய கோப்புகள் அப்படியே கிடந்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதில் அமைத்த முஸ்லிம் இதழ்களின் தலையங்கங்களும் ஃபத்வாக்களும் ஹதீஸ் விளக்கங்களும் தேடுபொறிக்கு அகப்படாதவையாய், அச்சுப் பிரதிகளில் மட்டும் உயிர்வாழ்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆனால் நடுவே வரும் அரபு வாசகங்கள் படமாக ஒட்டப்பட்டவை ஆதலின், மாற்றியபின் அவ்விடங்கள் வெறுமையாக நிற்கும். ஆசிரியர் எந்த வசனத்தை முன்வைத்து வாதிட்டார் என்பதை, பழைய தாளைக் கையில் எடுத்தே அறிய முடியும். அத்தாளையும் கறையான் அரிக்கத் தொடங்கிவிட்டது.