ஒரு தரப்பின் வாக்குமூலம்

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனைப் பற்றி ஜேம்ஸ் டோபாக் இயக்கிய 'டைசன்' என்னும் ஆவணப்படம் 2008ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 'நாக்-அவுட்' என்ற பெயருடைய ஒரு பரிசையும் பெற்றது. பிள்ளைச்சாவடியில் நண்பர்கள் சிலருடன் அண்மையில் அதைக் கண்டோம். படம் முடிந்ததும், கூடியிருந்த பெண்களில் ஒருவர், "அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவே இல்லையே" என்றார். அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் படத்தின் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். சுமார் ஒன்றரை மணி நேரம் டைசன் ஒருவரே பேசுகிறார். பழைய போட்டிகளின் காட்சிகளும் செய்திப் படங்களும் இடையிடையே வருகின்றன. ஆனால் கேள்வி கேட்பவரின் குரல் நம் காதில் விழுவதில்லை. சில வேளைகளில் திரை இரண்டு மூன்றாகப் பிரிகிறது. ஒரே முகம் பல கட்டங்களில் தோன்ற, ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது அதன்மேல் ஏறி ஒலிக்கிறது. உள்ளுக்குள் ஒன்றோடொன்று பொருதும் மனத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உத்தி இல்லை எனலாம்.

நியூயார்க் நகரின் பிரவுன்ஸ்வில் பகுதியில் வறுமையில் வளர்ந்த சிறுவன், மூச்சுத் திணறல் உள்ளவன், புறாக்களை நேசித்தவன். அவனுடைய புறா ஒன்றை வேறொரு பையன் கொன்றபோதுதான் முதன்முதலாகக் கைநீட்டினான். சீர்திருத்தப் பள்ளியிலிருந்த அவனைக் கஸ் டி'அமாட்டோ என்னும் முதிய பயிற்சியாளர் தம் வீட்டுக்கு அழைத்து வந்து பிள்ளையாகவே வளர்த்தார். 1985இல் அவர் இறந்தார். மறு ஆண்டு நவம்பரில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, இருபது வயதில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றபோது, அதைக் காண அவர் இல்லை. அவரைப் பற்றிப் பேசும்போது அந்த வல்லவருக்குத் தொண்டை அடைக்கிறது. மேடைக்கு நடந்து வரும் வழியெல்லாம் தம்மை அச்சம் ஆட்கொண்டிருந்ததாகவும், கயிற்றைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் தாமே தெய்வம் என்று உணர்ந்ததாகவும் அவர் சொல்லும் பகுதி மறக்கவொண்ணாதது. 1990இல் டோக்கியோவில் அடைந்த தோல்வி, 1997இல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த இழிவு, 2005இல் போட்டியை விட்டு விலகியது ஆகிய எல்லாவற்றையும் அவரே ஒளிவின்றிச் சொல்கிறார்.

ஆனால் 1992ஆம் ஆண்டுக்கு வரும்போது படத்தின் நேர்மை தடுமாறுகிறது. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியை வன்புணர்ச்சி செய்தார் என்று இண்டியானாபொலிசில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆறாண்டுத் தண்டனை பெற்று, மூன்றாண்டு சிறையில் கழித்தார். அக்குற்றத்தை அவர் அன்றும் மறுத்தார், படத்திலும் மறுக்கிறார். மறுப்பது அவர் உரிமை. ஆயின் அப்பெண்ணைக் கொச்சையான சொல்லால் ஏசுகிறார். இயக்குநர் அதை அப்படியே விட்டுவிடுகிறார். அவள் நீதிமன்றத்தில் சொன்னதில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை.

இதை 'பாவசங்கீர்த்தனம்' போன்றது என்று புகழ்வோர் உண்டு. நாம் அறிந்த பாவசங்கீர்த்தனம் வேறு. சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்டது: உன் பாவத்தைச் சொல், பிறர் பாவத்தைச் சொல்லாதே. காதைக் கடித்ததைச் சொல்லும்போது டைசன் அவ்விதியின்படியே பேசுகிறார். அப்பெண்ணைப் பற்றிப் பேசும்போதோ வழக்காடுகிறார்; எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு அது. மீனவர் ஊர்களில் பஞ்சாயத்துக் கூடினால் இரு தரப்பையும் கேட்பது மரபு. (அங்கும் பெண்ணின் குறையை அவள் வீட்டு ஆண்மகன் எழுந்து சொல்வதே பெரும்பாலும் வழக்கமாக இருந்துவந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.)

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிற்காலச் செய்தியொன்று வெளிச்சம் தருகிறது. 2017இல் டோபாக்மீதே நூற்றுக்கணக்கான பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளைக் கூறினர். அவர் மறுத்தார். 2025 ஏப்ரலில் நியூயார்க் நடுவர் குழு, வழக்குத் தொடுத்த நாற்பது பெண்களுக்கு 168 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. படத்தைப் படைத்தவரின் வாழ்வைக் கொண்டு படைப்பை அளக்கலாகாது என்பர். பொதுவாக நாமும் அதை ஏற்பவர்களே. ஆனால் ஒரு பெண்ணின் சொல் விடுபட்டுப்போன படத்தில், விட்டவர் யார் என்று கேட்காமலிருக்க இயலவில்லை.

படத்திற்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 1988இல் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் டைசனின் அன்றைய மனைவி ராபின் கிவன்ஸ், அவருடன் வாழ்வது நரகம் என்ற பொருள்படக் கூறுகிறார். அருகில் டைசன் வாய்பேசாமல் அமர்ந்திருக்கிறார். அந்தப் பழைய துண்டில்தான் ஒரு பெண் பேச, அவர் கேட்கிறார்.

நம் மண்ணிலும் இதற்கு மறுபக்கமாக ஒரு படம் உண்டு. சென்னைக் குத்துச்சண்டை வீராங்கனை துளசியைப் பற்றி நார்வே நாட்டுப் பெண்கள் இருவர் 2013இல் எடுத்த 'லைட் ஃபிளை, ஃபிளை ஹை' அது. தலித் குடும்பத்தில் பிறந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என நம்பிப் பயின்றவர். விளையாட்டுச் சங்கப் பொறுப்பாளர் ஒருவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கத் துணிந்தவர். உலகப் பட்டமோ கோடிகளோ அவருக்கு இல்லை. டைசனின் படத்தைப் பார்த்தவர்கள் இதையும் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இயலுமானால் இதை முதலில் பாருங்கள்.