செயப்பாட்டுவினையில் 3,66,625 பேர்

எங்கள் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. திருவள்ளூருக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, நடவு நட்டு ஓய்ந்து, இப்போது குமணன்சாவடியில் எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கும் காசநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் ஆய்வு 2024இல் பல மாநிலங்களில் தொடங்கியது. அந்தச் செய்தியை நான் சத்தமாகப் படித்தபோது ஆயா குறுக்கே வந்தது.

“இத்த அப்பவே எங்களுக்குப் போட்டாங்களே. ஊடு ஊடா வந்து பேர் எழுதினாங்க. கையில ஊசி. அப்பால நெஞ்சுக்குள்ளாற படம் புடிச்சாங்க. எத்தினியோ வருசம் வந்து வந்து பாத்தாங்க.” கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “அதுல இன்னாடா தெரிஞ்சிதாம்?”

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குப் பதில் தெரியவில்லை. தேடப் போனேன்.

ஆயா சொன்னது செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு. உலகத்தில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்த, உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை நின்றன. பதிவானவர்கள் 3,66,625 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போனது மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஆய்வு முறை அப்படி. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்கச் சோதனை, இப்படிப் பதினைந்து வருடம். முதல் அறிக்கை 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. பதினைந்தாண்டு முடிவு 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது.

முடிவு இதுதான்: நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி பெரியவர்களைக் காக்கவில்லை. சிறுவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 27 சதவீதம், அதுவும் புள்ளியியல் கணக்கில் உறுதியாக நிற்காத 27. (கைக்குழந்தைக்கு இன்றும் போடுவது மூளையைத் தாக்கும் கொடிய காசநோயைத் தடுக்க. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிட வேண்டாம்.)

இனி அந்த 1999 கட்டுரையை ஒரு பிரதியாக வாசிப்போம். கவிதையையும் கதையையும்தான் வாசிக்க வேண்டும் என்று எந்தத் தொல்காப்பியன் சொன்னான்?

பதியப்பட்டனர். ஊசியிடப்பட்டனர். கண்டறியப்பட்டனர். மூன்றரை லட்சம் பேர் முழுக்க முழுக்கச் செயப்பாட்டுவினையில் வருகிறார்கள். கடைசிக் கணக்குக்கு வந்தவர்கள் 1,09,873 பேர். தோல் சோதனையில் தடிப்பு ஏழு மில்லிமீட்டருக்கு மிகாதவர்கள், நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தவர்கள். எங்கள் ஆயா இதில் உண்டா? அதன் கை தடித்தது ஏழுக்கு மேலா, கீழா? அறிவியல் கட்டுரை தன்வரலாறு இல்லை, பேர் போடக்கூடாது, எல்லாம் சரி. பேர் எழுதிய பதிவேடு நமக்கு என்ன செய்யும் என்பது, 1871இல் வந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே ‘எல்லாத் தரவையும் கொட்டித் திறந்துவிடு’ என்று கத்துகிற கட்சியில் நான் இல்லை. ஆளை மறைத்துவிட்டு அறிவைத் திற என்கிறேன். 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் தலைகீழாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வீடு வந்து சாதி கேட்டார்கள், சாதி எண்ணிக்கையை ஒன்றிய அரசு வெளியிடவே இல்லை.

ஒன்றை மனசாரச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றதும் அந்த விஞ்ஞானிகள் அதை மூடி மறைக்கவில்லை. ‘பலிக்கவில்லை’ என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த நேர்மை பெரியது. அதனால்தான் கேள்வியும் பெரிதாகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டுரைகள் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. 2002 புடாபெஸ்ட் அறிக்கைக்குப் பிறகு உலகமே பேசுகிற ‘திறந்த அணுக்கம்’ இங்கே நடந்தேறிவிட்டது. அணுக்கம்! சொல்லைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘அணுக்கன் திருவாயில்’ என்றொரு வாசல் உண்டு, நெருங்கினவர்களுக்கான வாசல். அதே கோயில் கல்வெட்டுகளில்தான் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டுரை திறந்து கிடக்கிறது, ஆங்கிலத்தில். ஆயா திண்ணையில் இருக்கிறது, தமிழில்.

மகாத் குளம் நினைவுக்கு வருகிறது. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உண்டு என்று பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகாத் நகராட்சியும் தன் பங்குக்கு ஒத்துக்கொண்டது. குளம் ‘திறந்து’ கிடந்தது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் கூட்டத்தோடு போய் ஒரு கை அள்ளிக் குடிக்கும் வரை எந்தத் தீண்டப்படாதவரின் தொண்டையும் நனையவில்லை. குடித்ததற்கு அடிதான் கிடைத்தது.

இது செங்கல்பட்டோடு நிற்கிற கதையும் இல்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை மருத்துவமனையில் வைத்து, மறு பாதியை வீட்டில் வைத்து ஓராண்டு வைத்தியம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் கிடையாது. ஆனாலும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் அது அச்சேறியதும் நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்கும் வழக்கம் உலகமெங்கும் ஆட்டம் கண்டது. சென்னைக் குடிசைக்காரன் தன் நெஞ்சுக்கூட்டைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்ன சேதி அது. ஒரு தமிழ்ப் பாடநூலிலும் நான் அதைப் படித்ததில்லை. நாம் இந்தப் பக்கங்களில் சாட்சியம், சாட்சியம் என்கிறோமே, சளியைத் துப்பிக் கொடுத்ததும் சாட்சியம்தான்.

காசுப் பூட்டு இல்லை என்று சொல்லவரவில்லை. இந்தத் தேடலிலேயே ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் ஒரே கட்டுரைக்கு முப்பது டாலருக்கு மேல் கேட்டது. ஒரு கல்லூரி நூலகத்தில் ‘ஐ.டி. கார்டு இருக்கா?’ என்றார்கள். வாசகனுக்கு இலவசம் என்றால் எழுதுகிறவனிடம் பிடுங்குகிறார்கள். ‘நேச்சர்’ இதழ் 2021இல் திறந்த முறைக்கு வந்தபோது ஒரு கட்டுரைக்கு வைத்த விலை 9,500 யூரோ. நம் அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைக்கு இது லாபம், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியை விட்டு வெளியே வந்த மறுநாள் அவனும் என்னைப்போல வாசலில் நிற்பான். பணம் போய்ச் சேர்வது பூட்டுப் போட்டவர்களிடமே.

அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது விலையையே பேராக வைத்தார், ‘ஒரு பைசாத் தமிழன்’. அவர் சித்த வைத்தியரும்கூட. யார் வாங்க முடியும், எந்த மொழியில் படிக்க முடியும் என்ற இரண்டு கேள்விக்கும் தலைப்பிலேயே பதில் இருந்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒன்றிய அறிவியல் துறைகள் 2014இல் கொள்கை வகுத்தன. அதோடு இன்னொரு வரி வேண்டும்: எந்த ஊர் மக்களின் உடம்பிலிருந்து தரவு எடுக்கப்பட்டதோ, அந்த ஊர்க் கிராமசபையில், அவர்கள் பாஷையில், முடிவை நின்று வாசித்துவிட்டுப் பிறகு இதழுக்கு அனுப்பு. இரண்டு பக்கம் போதும். கேள்வி கேட்டால் பதில் சொல்லு. இதைச் சொன்னால் ‘சனங்களுக்குப் புரியாது’ என்பார்கள். பதினைந்து வருடம் கை நீட்டச் சொன்னபோது புரிந்ததே.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். எல்லா வழிப்போக்கரும் இல்லை என்பது நமக்குத் தெரியும். இந்தக் குமணன்சாவடித் திண்ணையில் போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். எதிர்வீட்டு அத்தையும் ரெண்டு பையன்களும் வந்து உட்கார்ந்தார்கள். மருந்து ஊசி போட்டவங்களுக்கும் வெறும் ஊசி போட்டவங்களுக்கும், வயசு வந்தவங்கள்ல, பெருசா வித்தியாசம் இல்லையாம் என்றேன்.

“அப்ப பலிக்கலியா?”

“பலிக்கலன்னு உலகத்துக்கே உங்களாலதான் தெரிஞ்சிது ஆயா.”

ஆயா காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, உற்றுப் பார்த்தது. “இதுல எங்க ஊரு பேரு போட்டுக்கீதா பாரு.”

முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தேன்.